கபடிக் குழுவுக்குப் பன்னிரண்டு பேரை எப்படி எடுப்பது?

கேள்வி இதுதான். கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இளைஞர் ஒருவர் சப்-ஜூனியர் (16 வயது வரை) பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார். 22 பேர் சாயங்காலம் மைதானத்துக்கு வருகிறார்கள். மாவட்டப் போட்டிக்கு 12 பேரைத்தான் கூட்டிப்போக முடியும். அவருடைய அக்கா மகன் அந்த 22 பேரில் ஒருவன். ஜெர்சி வாங்கிக் கொடுத்தவரின் மகன் இன்னொருவன். "நல்லா ஆடுறவனை எடுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எப்படிப் பார்க்கிறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. யாரை எடுத்தாலும் கெட்ட பேருதான்" என்கிறார்.

தம்பி, உங்கள் 22 பேரில் முதல் ஐந்தாறு பேரை நீங்கள் தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அதே பெயர்களைத்தான் சொல்வார்கள். கடைசி நான்கைந்து பேர் இன்னும் ஒரு வருடம் ஆடிவிட்டு வர வேண்டியவர்கள் என்பது அவர்களுக்கே தெரியும். சிக்கலெல்லாம் நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரிடம்தான். அவர்களில் பாதிப் பேருக்கு இடம் உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவே நூலளவுதான் வித்தியாசம். தூக்கம் கெடுவது அங்கேதான், கெட்ட பெயர் வருவதும் அங்கேதான்.

இந்த இடத்தில் வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், நோட்டில் ஒன்று முதல் 22 வரை வரிசையாகப் பெயர் எழுதி, மேலிருந்து 12 பேரை எடுத்துக்கொண்டு கோடு போட்டுவிடுகிறார்கள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இது சரி. கபடிக்கு இது ஒத்துவராது. கபடியில் பிடி விழுவது இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையால். அதனால் நீங்கள் எடுக்க வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை. நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

ஒரு பிடியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாடி வருகிறவன்தான் ரைடர். அவனைப் பிடிக்க நிற்பவர்களில் இடது ஓரத்து இடம் லெஃப்ட் கார்னர். அங்கே நிற்பவன் ரைடரின் கணுக்காலுக்குக் குனிகிறான். குனிந்த அந்த நேரத்தில் அவன் கண்ணுக்கு மண்ணும் ரைடரின் காலும்தான் தெரியும். ரைடர் எந்தப் பக்கம் உதறித் திரும்புகிறான் என்பது தெரியாது. அவனுக்கு உள்பக்கமாக நிற்கும் கவர் என்பவன் அதே நேரத்தில் ஓர் அடி முன்னால் வைத்து, ரைடரின் நெஞ்சுக்குத் தோளைக் கொடுத்து, நடுக்கோட்டுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ரைடர் கார்னரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிடுவான். அவசரப்பட்டுப் பாய்ந்தால், பிடி நழுவி இரண்டு பேருமே அவுட். சரியாக வந்துவிட்டால் கூட்டம் கைதட்டுவது கார்னருக்கு. ஸ்கோர் எழுதுபவரும் அவன் பெயரில்தான் பாயிண்டைப் போடுவார். வழியை அடைத்த கவரின் பெயர் எங்கேயும் வராது.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ரைட் கவர் இருந்தான். ஒல்லியான பையன், வாய் திறந்து பேச மாட்டான். நோட்டைப் புரட்டினால் அவன் பெயருக்கு நேரே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அவன் பக்கத்தில் நின்றால் ரைட் கார்னர் புலி மாதிரி ஆடுவான். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு வேறு ஆளை நிறுத்தினால் அதே கார்னர் இரண்டு தடவை பாய்ந்து இரண்டு தடவையும் விட்டுவிட்டு, மூன்றாம் தடவை பாயவே யோசிப்பான். தனித்தனியாக மார்க் போட்டிருந்தால் அந்தக் கவருக்குப் பதினைந்தாவது இடம்கூடக் கிடைத்திருக்காது.

அதனால் பயிற்சி ஆட்டங்களில் ஒரே ஏழு பேரைத் தினமும் ஒரே பக்கம் நிறுத்தாதீர்கள். கார்னரையும் கவரையும் மாற்றி மாற்றி ஜோடி சேருங்கள். நோட்டில் ஜோடிக்கு நேரே எழுதுங்கள்: இவனும் இவனும் நின்றபோது அந்தப் பக்கம் எத்தனை ரைடு வந்தது, எத்தனை பிடி விழுந்தது, எத்தனை நழுவியது. எழுதுவதற்குத் தேர்வில் இல்லாத யாரையாவது உட்கார வையுங்கள். நீங்கள் விசில் ஊதிக்கொண்டே எழுத முடியாது. மூன்று வாரம் எழுதினால் உங்களுக்கே ஆச்சரியமாக இரண்டு மூன்று பெயர்கள் மேலே வரும்.

அந்த நடுவில் இருக்கும் பையன்களைப் பிரித்துப் பார்க்க நான் நம்பும் சோதனை இன்னொன்று உண்டு. ஏழு பேரோடு ஆட்டத்தை ஆரம்பிக்காமல், மூன்று பேரை மட்டும் உள்ளே விட்டு ஆரம்பியுங்கள். எதிர்ப்பக்கம் உங்களுடைய நல்ல ரைடரை அனுப்புங்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு பாயிண்ட். விட்டுவிட்டால் நம் பக்கம் எல்லோரும் வெளியேறும் ஆல் அவுட்டை நோக்கிப் போகிறோம், அது எதிரணிக்கு இன்னும் இரண்டு பாயிண்ட். ஏழு பேர் நிற்கும்போது எல்லோருமே தைரியசாலிகள்தான். மூன்று பேர் நிற்கும்போது சிலர் கோட்டோரம் ஒதுங்குவார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு பாய்வார்கள். ஒருவன் மட்டும் பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காத்து நிற்பான். அவனை எடுங்கள். பல நாள் வேறு வேறு ஆட்களோடு நிறுத்திப் பார்த்தும் அவன் அப்படியே நின்றால் யோசிக்கவே வேண்டாம்.

ரைடர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்காரர்கள் ரைடரைத்தான் பார்ப்பார்கள். பொங்கலுக்கு லைட் போட்டு நடத்தும் ஆட்டத்தில் மைக்கில் பெயர் கேட்பதும் பாடிப்போகிறவனுக்குத்தான். அதனால் 12 பேரில் எட்டுப் பேர் ரைடர்களாக இருக்கும் குழுக்களை நம் மாவட்டத்தில் நிறையப் பார்க்கலாம். பெரிய இடத்திலும் பாருங்கள். 1990-இல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் வந்தது. அதிலிருந்து 2014 வரை ஏழு தடவையும் இந்திய ஆண்கள் அணிக்குத்தான் தங்கம். 2018-இல் ஜகார்த்தாவில் அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி என்று பேர்போன ரைடர்களோடு போன அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. அன்று ஃபசல் அத்ராச்சலி மாதிரியான கார்னர்களை வைத்துக்கொண்டு ஈரான் நம் ரைடுகளை அடைத்துவிட்டது. பெயர்களைக் கூட்டினால் அணி ஆகாது என்பதற்கு நான் பையன்களிடம் காட்டும் ஆட்டம் அது.

ஆனால் ரைடர் குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். சப்-ஜூனியர் ஆட்டம் 15 நிமிடம், இடைவேளை, மறுபடி 15 நிமிடம். ஒரு ரைடுக்கு 30 விநாடி என்றால், உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் முப்பது ரைடாவது போயாக வேண்டும். உங்கள் முதல் ரைடர் மூன்றாவது ரைடிலேயே பிடிபட்டால் அவன் வெளியே உட்கார்ந்திருப்பான். நம் பக்கம் ஒரு பாயிண்ட் எடுத்து, அதுவும் அவுட்டான வரிசையில் அவன் முறை வந்தால்தான் உள்ளே வருவான். அதுவரை யார் பாடிப்போவது? அங்கேதான் உங்கள் இரண்டாவது, மூன்றாவது ரைடர்களின் தரம் தெரியும். அவர்கள் பாயிண்ட் எடுக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. பிடிபடாமல் திரும்பி வரவும், எதிரில் ஆறோ ஏழோ பேர் இருக்கும்போது போனஸ் கோட்டை (தாண்டிக் கால் வைத்தால் ஒரு பாயிண்ட்) எட்டிப் பார்க்கவும் தெரிந்திருந்தால் போதும். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமனே வந்தால் மூன்றாவது டூ ஆர் டை (பாயிண்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட்) ஆகிவிடும் விதியில் ஆடும்போது, அந்த மூன்றாவதை யாரிடம் கொடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்து வையுங்கள். வலது பக்கம் போகிறவன், இடது பக்கம் போகிறவன் இரண்டு வகையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரணி ஒரு மூலையைப் பலப்படுத்திக்கொண்டு நிம்மதியாக நிற்கும்.

எண்ணிக்கையாகச் சொல் என்றால், ரைடர் நான்கு, கார்னர் மூன்று, கவர் மூன்று, இரண்டு வேலையும் செய்கிறவர்கள் இரண்டு. இது வேதவாக்கு இல்லை, உங்கள் பையன்களைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும். மண்ணில் மட்டும் ஆடிய பையன்களை ஒரு நாளாவது மேட் விரித்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஆடவிட்டுப் பார்த்துவிடுங்கள். மண்ணில் சறுக்கிக்கொண்டே போய் கணுக்காலைப் பிடிக்கிறவன், அந்த மேட் மேல் முழங்கால் மாட்டிக்கொண்டு நிற்பான்.

இப்போது எடை. சப்-ஜூனியருக்கு 16 வயது, 55 கிலோ என்பது வரம்பு. இந்த ஒரு எண்ணால் நம் பையன்கள் படும் பாடு கொஞ்சமில்லை. 57 கிலோ இருக்கும் பத்தாம் வகுப்புப் பையன், எடை போடுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சோறு சாப்பிடமாட்டான். முதல் நாள் தண்ணீரும் நின்றுவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஜெர்கின் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவான். எடை மிஷினில் ஏறும்போது உதடு வெடித்திருக்கும், கண் உள்ளே போயிருக்கும். முள் 55-க்குள் நின்றதும் எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே பையன் மைதானத்தில் தலைசுற்றி நிற்பான்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997-இல் அமெரிக்காவில் எடை குறைக்கப்போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் எடை விதிகளையே மாற்றினார்கள். அவர்கள் வளர்ந்த வாலிபர்கள். நம்மிடம் வருவது வளர்கிற வயதுப் பிள்ளைகள், அதுவும் கடலூர் வெயிலில். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடியதால் இறுதிப்போட்டியை இழந்ததை எல்லோரும் பார்த்தோம். அவ்வளவு பெரிய ஏற்பாடு பின்னால் இருந்தே முடியவில்லை. கிராமத்துப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

என் கருத்து கறாரானது. இன்றைக்கு மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு 55-க்குள் இருப்பவன்தான் சப்-ஜூனியர். அதற்கு மேல் இருப்பவனை, எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும், ஜூனியருக்குத் தயார் செய்யுங்கள். அங்கே 70 கிலோ வரை போகலாம், வயதும் 20 வரை இருக்கிறது. இதைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே பையனிடமும் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் அவன் பட்டினி கிடப்பான்.

வயதும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் இருப்பதுதான் வயது. "ஒரு வருஷம் குறைச்சுக்கலாம் சார்" என்று வருபவர்களிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். அதே சமயம், ஒரே வயதுப் பையன்களிலும் ஒருவனுக்கு மீசை வந்திருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. முன்னவன் இன்று பலத்தால் ஜெயிக்கிறான். பின்னவனுக்குப் பலம் இன்னும் வரவில்லை. அவன் காலடியையும் பார்வையையும் வைத்துச் சமாளிக்கிறான். 12 பேரில் ஓர் இடமாவது அப்படிப்பட்ட பையனுக்கு வையுங்கள். இரண்டு வருடத்தில் அவன் தோள் விரியும்போது அந்தக் காலடி அவனிடம் இருக்கும்.

நீங்கள் உண்மையில் பயப்படுகிற விஷயம் ஆட்கள்தான் என்று தெரிகிறது. அக்கா மகன் விஷயத்தில் சுலபமான வழி ஒன்று உண்டு. அவன் ஆடும் இடத்துக்கான முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். பக்கத்து ஊர்ப் பயிற்சியாளரையோ பள்ளியின் பி.டி. சாரையோ கூப்பிட்டு, அவனையும் அவனோடு போட்டியிடும் மற்ற பையன்களையும் பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இதை எல்லோர் முன்னாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவுக்காரன் என்பதற்காகவே அவனை ஒதுக்கிவிடுவதும் அநியாயம்தான். நம் ஊரில் நேர்மையைக் காட்டுவதற்காகச் சொந்தப் பிள்ளைகளைப் பலி கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜெர்சி கொடுத்தவரிடம் ஜெர்சி வாங்கும்போதே பேசியிருக்க வேண்டும். இனி வாங்கும்போது, "உங்க பேரு முதுகுல வரும்ணே, ஆனா லிஸ்ட்டுல தம்பி பேரு வர்றதும் வராததும் அவன் ஆட்டத்தைப் பொறுத்து" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டே கை நீட்டுங்கள். இப்போதைக்கு அவரைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் நோட்டைப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள். ஒருவேளை ஜெர்சியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பனியன் போட்டுக்கொண்டு ஜெயித்த குழுக்கள் ஏராளம்.

இதைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது. உங்கள் மைதானத்துக்கு ஊர்த்தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள் என்றால், அந்தப் பிரிவினை உங்கள் பட்டியலுக்குள்ளும் நுழையப் பார்க்கும். "இந்தத் தடவை அவங்க பசங்க ஜாஸ்தியா இருக்காங்களே" என்று ஒருவர் டீக்கடையில் சொல்வார். கேப்டன் யார் என்பதில் இன்னொருவர் மூக்கை நுழைப்பார். கபடியில் செயின் போட வேண்டுமென்றால் விரலோடு விரல் கோத்து நிற்க வேண்டும். கையைப் பிடிக்கத் தயங்குகிற இரண்டு பேருக்கு நடுவில்தான் ரைடர் புகுந்து போவான். முதல் வாரத்திலிருந்தே ஜோடிகளைத் தெரு பார்க்காமல் கலந்து நிறுத்துங்கள். கை கோக்க மாட்டேன் என்கிற பையன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மாறும்வரை பட்டியலில் அவனுக்கு இடம் இல்லை. அதில் நான் தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பட்டியல் ஒரு கோப்பையோடு முடிகிற விஷயம் இல்லை. மாவட்டத்திலிருந்து மாநிலம், அங்கிருந்து தேசியப் போட்டி என்று ஏறும் ஏணியின் முதல் படி இது. மேலே போய் வாங்கும் சான்றிதழால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது, அதில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை நாடே கொண்டாடியது. அந்த மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால், எங்கோ ஒரு சின்ன மைதானத்தில் யாரோ ஒரு பயிற்சியாளர் முதல் பட்டியலில் பெயர் எழுதிய நாள் ஒன்று இருக்கும். நீங்கள் எழுதப்போவதும் அப்படிப்பட்ட பட்டியல்தான்.

நம் பக்கத்துக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையும் உண்டு. எல்லை தாண்டினால் புதுச்சேரி. பாகூர் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து ஆடும் பையன்கள் பல குழுக்களில் இருக்கிறார்கள். ஊர்ப் போட்டியில் யாரும் கேட்க மாட்டார்கள். மாவட்டம், மாநிலம் என்று போகும்போது ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது என்று கேட்பார்கள், புதுச்சேரிக்குத் தனி அணி இருக்கிறது. பள்ளிப் போட்டி என்றால் அவன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பது கணக்கு. அப்படி யாராவது உங்களிடம் இருந்தால், பெயர் எழுதும் முன்பே போட்டி நடத்துபவர்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு, எடை போடும் இடத்தில் திருப்பி அனுப்பினால் அந்தப் பையன் மனது உடைந்துபோகும். அவனால் இடம் இழந்த இன்னொரு பையனும் வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

கடைசியாக, எப்படிச் சொல்வது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டுவிட்டு போனை அணைத்துவிடாதீர்கள். பையன்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பதும் வேண்டாம். பட்டியல் வெளியே போகும் முன்பு, இடம் கிடைக்காத பத்துப் பேரையும் ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "நீயும் நல்லாத்தான் ஆடுற, அடுத்த தடவை பாக்கலாம்" என்று மழுப்பாதீர்கள். குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள்: "கணுக்காலைப் பிடிக்கும்போது உன் தலை கீழ போயிடுது, ரைடரைப் பாக்க மாட்டேங்கிற. மூணு மாசத்துல இதை மாத்திட்டா உன்னை வெளிய வைக்கிறதுக்கு எனக்குக் காரணம் இருக்காது." அழுவான், அழட்டும். சில பேர் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த நாள் நீங்களே அவர்கள் வீட்டுப் பக்கம் போய் அம்மா அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அந்தப் பத்துப் பேரும் அடுத்த நாளும் மைதானத்துக்கு வர வேண்டும். உங்களுக்கும் அது தேவை. ஏழுக்கு ஏழு ஆடிப் பார்க்க 14 பேர் வேண்டும். எடுத்த 12 பேரை மட்டும் வைத்துக்கொண்டு போட்டிக்கு முந்தைய வாரத்தில் ஒரு முழு ஆட்டம்கூட ஆட முடியாது. இதைப் பையன்களிடம் அப்படியே சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் அந்தப் பத்துப் பேரிலிருந்து ஏழு பேரை நிறுத்தி, அவர்களுக்கும் ஒரு கேப்டனை வைத்து, நோட்டில் அவர்கள் ஜோடிகளையும் எழுதிக்கொண்டே இருங்கள். எடை போடும் நாள் காலையில் உங்கள் 12 பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், யாரைக் கூப்பிடுவது என்று அந்த நோட்டே சொல்லும்.